இருபத்துநான்கு அங்குலத்தில் ஒரு வளைவு

மடிக்கணினியின் சிறிய திரையைக் குனிந்து குனிந்து பார்த்துக் கழுத்து நோவு கண்டவர் ஒருவர், தனியாக ஒரு மானிட்டர் வாங்கிவிடுவது என்று தீர்மானித்துக் கடைவீதிக்குப் போவாரானால், இருபத்துநான்கு அங்குல அளவில் தட்டைத் திரை ஒன்றும், அதற்குப் பக்கத்திலேயே உள்நோக்கி வளைந்த திரை ஒன்றும் அவர் முன்பு எடுத்து வைக்கப்படுகின்றன. விலையில் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் பெரிதாக இராது. சில சமயங்களில் தள்ளுபடியின் தயவால் வளைந்ததே மலிவாகவும் கிடைத்துவிடும். ஆனால், அந்த வளைவினால் உண்டாகும் பிரயோஜனம் என்ன என்று கேட்டால், "கண்ணுக்கு நல்லது சார், லேட்டஸ்ட் மாடல்" என்பதற்கு மேல் விற்பவரிடமிருந்து ஒரு விளக்கமும் வருவதில்லை.

இது அற்பமான விசாரம் என்று சிலர் நினைக்கலாம். கூடத்துக்கும் வாசற்காலுக்கும் அளவு வகுத்து, இத்தனை அடி இருந்தால் இன்ன பலன் என்று மனையடி சாஸ்திரம் சொல்லிவைத்த நாட்டில், நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் நம் முகத்துக்கு நேரே நிற்கப்போகிற ஒரு பொருளின் வடிவத்தைப் பற்றிச் சற்றுப் பொறுமையாக ஆராய்வது வீண் காரியம் என்று எனக்குத் தோன்றவில்லை. என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மிகப் பெரிய திரைக்கு வளைவு ஓர் அவசியம், சிறிய திரைக்கு அது பெரும்பாலும் ஓர் அலங்காரம், சிறிய வளைந்த மானிட்டரை வாங்குகிறவர் உண்மையில் விலை கொடுத்துப் பெறுவது வளைவை அன்று, அந்த வளைவுக்குப் பின்னால் இருக்கும் பேனலை, அதாவது படத்தைக் காட்டும் திரவப் படிகப் பலகையை.

திரைகள் வளைவது புதிய விஷயமும் அன்று. 1897-ஆம் ஆண்டில் ஜெர்மானிய விஞ்ஞானி கார்ல் பெர்டினாண்ட் பிரௌன் அமைத்த கதிர்க்குழாயின் வம்சத்தில் வந்தவையே நம் வீடுகளில் முன்பு இருந்த கனத்த டெலிவிஷன் பெட்டிகளும் கம்ப்யூட்டர் மானிட்டர்களும். அவற்றின் முகம் வெளிநோக்கிப் புடைத்திருந்ததற்குக் காரணம் அழகுணர்ச்சி அன்று. குழாயின் உள்ளே வெற்றிடம், வெளியே காற்று மண்டலம், இருபது அங்குலத் திரையின் முகத்தில் மட்டும் ஒரு டன்னுக்கு மேற்பட்ட அழுத்தம் என்னும் நிலைமையில், கண்ணாடி தட்டையாக இருந்தால் மிகவும் தடித்திருக்க வேண்டும், புடைத்திருந்தால் ஓரளவு மெல்லியதாகவே தாங்கிக்கொள்ளும் என்பதுதான் காரணம். அந்தப் புடைப்பைப் போக்குவதற்குப் பொறியாளர்கள் பல காலம் பிரயாசைப்பட்டு, முடிவில் தட்டை முகம் கொண்ட குழாய்களைச் செய்தபோது, தட்டை என்பதே ஒரு விருதாக விளம்பரங்களில் வலம் வந்தது. பிறகு திரவப் படிகத் திரைகள் வந்து, தட்டையாக இருப்பது எல்லாத் திரைகளுக்கும் சுபாவமாகிவிட, அதில் பெருமை கொள்ள ஒன்றும் இல்லாமற்போயிற்று. விற்பவர்களுக்கு வேறொரு விசேஷம் தேவைப்பட்டது. இம்முறை திரை உள்நோக்கி வளைந்தது.

உள்நோக்கிய வளைவுக்கும் கௌரவமான ஒரு பூர்வீகம் உண்டு. 1952 செப்டம்பர் 30-ஆம் தேதி நியூயார்க் நகரத்தில், பிரெட் வாலர் என்பவர் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய 'சினிராமா' என்னும் முறை முதன்முறையாகப் பொதுமக்களுக்குக் காட்டப்பட்டது. மூன்று படவீழ்த்திகள் ஒரே சமயத்தில் இயங்கி, 146 பாகை அளவுக்கு ஆழமாக வளைந்த ஒரு பெரும் திரையின் மூன்று பகுதிகளை நிரப்பின. அந்தத் திரையும் ஒரே துணியாக இல்லாமல், நெடுக்குவாட்டில் தொங்கிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாடாக்களால் ஆகியிருந்தது. இடது ஓரத்தில் விழுந்த ஒளி வலது ஓரத்தில் போய்ச் சிதறிப் படத்தை வெளிறச் செய்யாதிருக்க அவர்கள் கண்ட உபாயம் அது. நேரே பார்க்கும் பார்வைக்கு மாத்திரமன்றிக் கடைக்கண் பார்வைக்கும் படம் எட்ட வேண்டும், எட்டினால் பார்ப்பவர் தாம் ஆசனத்தில் இருப்பதை மறந்து படத்தின் நடுவே இருப்பதாக உணர்வார் என்பதே வாலருடைய சித்தாந்தம். வளைவு அங்கே பொருளுடையதாக இருந்தது, ஏனென்றால் திரை அவ்வளவு பெரிதாக இருந்தது.

2013-ஆம் ஆண்டில் தென்கொரிய நிறுவனங்களாகிய எல்.ஜி.யும் சாம்சங்கும் வளைந்த டெலிவிஷன்களை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது இந்தச் சித்தாந்தத்தைத்தான் நினைவூட்டின. ஆனால், பத்தடி தூரத்தில் சோபாவிலும் தரையிலுமாக நாலைந்து பேர் சிதறி உட்கார்ந்து பார்க்கும் ஒரு பொருளுக்கு, ஒரே ஒரு மத்திய ஸ்தானம் கொண்ட வளைவு எப்படிப் பொருந்தும்? நடுவில் அமர்ந்த குடும்பத் தலைவருக்குக் கிடைத்த அனுகூலத்தின் விலையை ஓரத்தில் அமர்ந்தவர்கள் கொடுக்க வேண்டியதாயிற்று. சில ஆண்டுகளுக்குள் அவ்வகை டெலிவிஷன்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. மானிட்டர் மட்டும் தப்பிப் பிழைத்தது. அதன் முன்னே உட்காருகிறவர் ஒருவரே, அவரும் மிக அருகில் உட்காருகிறார் என்பதனால்.

இனிச் சிறிய மானிட்டரின் கணக்கைப் பார்ப்போம். அட்டைப்பெட்டியின் மேல் 1800ஆர், 1500ஆர், 1000ஆர் என்று அச்சிட்டிருப்பது, எந்த வட்டத்தின் வில்லாக அந்தத் திரை வளைக்கப்பட்டிருக்கிறதோ அந்த வட்டத்தின் ஆரத்தை மில்லிமீட்டரில் குறிக்கிறது. எண் சிறுக்கச் சிறுக்க வளைவு மிகும். சிறிய மானிட்டர்களில் பெருவழக்காயுள்ள 1800ஆர் என்பது 1.8 மீட்டர் ஆரமுள்ள வட்டம். இருபத்துநான்கு அங்குலத் திரையின் அகலம் சுமார் 53 சென்டிமீட்டர். அவ்வளவு பெரிய வட்டத்திலிருந்து இவ்வளவு சிறிய துண்டை வெட்டி எடுத்தால், அதன் இரு ஓரங்களும் நடுப்பகுதியைக் காட்டிலும் முன்னால் வந்திருப்பது ஏறக்குறைய 2 சென்டிமீட்டர்தான். இந்த 2 சென்டிமீட்டரைச் சுற்றித்தான் அத்தனை விளம்பரமும்.

வளைந்த திரையின் தத்துவமாகச் சொல்லப்படுவது, அதன் ஒவ்வொரு புள்ளியும் கண்ணிலிருந்து சமதூரத்தில் இருக்கும் என்பது. வட்டத்தின் மையத்தில் கண்ணை வைத்தால் அது உண்மையே. ஆனால் 1800ஆர் திரைக்கு அந்த மையம் 1.8 மீட்டர் தள்ளி, ஆறடி தூரத்தில் இருக்கிறது. மேஜைமுன் அமர்ந்து வேலை செய்கிறவரோ இரண்டடி தூரத்தில், அதாவது 60 சென்டிமீட்டரில் இருக்கிறார். சாஸ்திரோக்தமான அந்த ஸ்தானத்தில் நிற்கும் பாக்கியம் பெற்றவர், கடையில் மேஜைக்கு இப்பால் நின்றபடி ஷோகேஸைப் பார்க்கும் வாடிக்கையாளர் ஒருவர்தான். அங்கே அழகாகத் தோன்றி அவர் மனத்தைக் கவர்ந்த பொருள், வீட்டுக்கு வந்தபின் வேறொரு தூரத்தில் வேறொரு கணக்கில் பார்க்கப்படுகிறது.

அந்தக் கணக்கையும் போட்டுவிடலாம். 60 சென்டிமீட்டர் தூரத்தில் நடுவே அமர்ந்தவருக்குத் தட்டைத் திரையின் ஓரம் சுமார் 65½ சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கும். 1800ஆர் வளைவுள்ள திரையின் ஓரம் சுமார் 64 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கும். பார்வை நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகும்போது கண்ணின் வில்லை தன்னை மாற்றிக்கொள்ள வேண்டிய அளவு, வில்லையின் வலிமையை அளக்கும் டையாப்டர் என்னும் அலகில், தட்டைத் திரையில் 0.14, வளைந்த திரையில் 0.10; மிச்சமாவது 0.04. கண் டாக்டர் மூக்குக்கண்ணாடிக்கு எழுதிக்கொடுக்கும் சீட்டில் எண்கள் கால் டையாப்டர் படிகளில் ஏறி இறங்குவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அதற்குக் குறைந்த வேற்றுமையைச் சீட்டில் எழுதுவது வழக்கமில்லை. நாம் கூடுதல் பணம் கொடுத்து வாங்கும் சௌகரியம் அந்தக் கால் டையாப்டரில் ஆறில் ஒரு பங்குகூடத் தேறுமோ என்ற அளவில் இருக்கிறது.

இதே கணக்கைப் பெரிய திரைக்குப் போட்டால் பலன் தலைகீழாகிறது. ஒன்றன்பக்கம் ஒன்றாக இரண்டு மானிட்டர்களை ஒட்டிவைத்த அகலத்தில், 49 அங்குலம் என்று விற்கப்படும் நீண்ட திரைகள் உண்டு; அவற்றின் அகலம் 120 சென்டிமீட்டர். அப்படியொரு திரை தட்டையாக இருந்து, 70 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து அதைப் பார்த்தால், ஓரம் 92 சென்டிமீட்டர் தூரத்துக்குப் போய்விடும். கண் மாற்றிக்கொள்ள வேண்டியது மூன்றில் ஒரு டையாப்டருக்கும் மேல். அதையே 1000ஆர் அளவுக்கு வளைத்தால் ஓரம் 77 சென்டிமீட்டருக்கு வந்துவிடுகிறது. இத்தகைய திரையை வளைக்காமல் விற்பதுதான் குற்றமாகும். 34 அங்குல அகலத்திரையிலும் வளைவு தன் சோற்றுக்குத் தானே சம்பாதித்துக்கொள்கிறது. இருபத்துநான்கிலும் இருபத்தேழிலும் அதற்கு வேலை போதவில்லை.

கண் களைப்பு என்னும் பேச்சையும் இங்கேயே முடித்துக்கொள்வது நல்லது. கணினியின் முன்பு நெடுநேரம் இருக்கிறவர்களின் கண் எரிச்சலுக்கு முக்கியமான ஒரு காரணம், உற்றுப் பார்க்கும்போது இமை கொட்டுவது குறைந்து கண்ணின் ஈரம் வற்றுவது. குளிர்சாதன அறையில் அது இன்னும் மிகும். திரை கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருந்தால் பார்வை தாழ்ந்து, இமை விழியை அதிகமாக மூடி, ஈரத்தைக் காக்கும். ஆகவே கண்ணுக்கு உண்மையான உபகாரம் செய்ய விரும்புகிறவர் விசாரிக்க வேண்டியது, திரையை ஏற்றி இறக்கக்கூடிய ஸ்டாண்டு இருக்கிறதா என்பதை. விலை குறைந்த வளைந்த மானிட்டர்களில் பெரும்பாலானவற்றின் ஸ்டாண்டு முன்னும் பின்னும் சாயுமேயன்றி ஏறி இறங்காது. வாங்கியவர் அதற்கடியில் தடித்த புத்தகங்களை அடுக்கி உயரம் சரிசெய்கிறார். நம் அலுவலகங்களில் பழைய அகராதிகள் இப்போது செய்துவரும் பொதுத்தொண்டு இதுதான்.

பேனலுக்கு வருவோம். விஷயத்தின் மர்மம் இங்கேதான் இருக்கிறது. சந்தையில் கிடைக்கும் சிறிய வளைந்த மானிட்டர்களில் மிகப் பெரும்பாலானவை வி.ஏ. என்னும் வகையைச் சேர்ந்தவை. அதே விலையில் கிடைக்கும் தட்டை மானிட்டர்கள் பெரும்பாலும் ஐ.பி.எஸ். வகை. வி.ஏ. பேனலில் மின்சாரம் பாயாதபோது படிகத் துகள்கள் கண்ணாடிக்குச் செங்குத்தாக நின்று, பின்னாலிருந்து வரும் ஒளியை நன்றாகத் தடுத்துவிடுகின்றன; அதனால் கருமை கருமையாகவே தோன்றுகிறது. வெண்மைக்கும் கருமைக்கும் உள்ள விகிதம் அதில் சாதாரணமாக 3000-க்கு 1; ஐ.பி.எஸ். பேனலில் அது 1000-க்கு 1 என்ற அளவில் நிற்கும். விளக்கை அணைத்துவிட்டு இரவில் சினிமாப் பார்க்கிறவருக்கு இந்த வேற்றுமை பிரத்யட்சமாகத் தெரியும். பட்டப்பகலில், ஜன்னல் திறந்திருக்கும் அறையில், வெள்ளைப் பின்னணியில் கணக்கெழுதுகிறவருக்கு அது தெரியவே தெரியாது.

வி.ஏ. பேனலுக்கு இரண்டு தோஷங்கள் உண்டு. கரும் நிறங்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவது மெதுவாக நடைபெறுவதால், இருண்ட காட்சியில் ஏதாவது வேகமாக நகர்ந்தால் அதன் பின்னே ஒரு கறை இழுபட்டுச் செல்வது ஒன்று. விளையாட்டுப் பிரியர்கள் இதைப் பற்றித்தான் புலம்புகிறார்கள். நேராகப் பார்க்காமல் சற்றுச் சாய்வாகப் பார்த்தால் நிறம் வெளிறித் தோன்றுவது மற்றொன்று. இந்த இரண்டாவது தோஷத்தில்தான் வளைவு கைகொடுக்கிறது என்பதை நியாயமாக ஒப்புக்கொள்ள வேண்டும். 60 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து தட்டைத் திரையின் ஓரத்தைச் சுமார் 24 பாகைச் சாய்வில் பார்க்கிறோம். 1800ஆர் வளைவில் அது 16 பாகையாகக் குறைகிறது. வி.ஏ. பேனலுக்கு இந்த எட்டு பாகை உண்மையான அனுகூலம். ஆனால் ஐ.பி.எஸ். பேனலோ, 24 பாகையிலும் நிறம் மாறாமல் நிற்கக்கூடியது. அதாவது, வளைவு எந்த வியாதிக்குப் பரிகாரமோ அந்த வியாதி மற்றதற்கு இல்லவே இல்லை. வியாதியையும் மருந்தையும் ஒரே பொட்டலத்தில் கட்டிக்கொடுத்து, மருந்துக்காக மட்டும் நம்மைப் பாராட்டச் சொல்கிறார்கள்.

வேறு சில சிறு சங்கடங்களும் உண்டு. வீட்டு வரைபடம் போடுகிறவருக்கும் பத்திரிகைப் பக்கம் கட்டுகிறவருக்கும், நேர்க்கோடு நேர்க்கோடாகத் தோன்ற வேண்டும். வளைந்த திரையின் மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் ஒட்டிய கோடுகள் இலேசாக வில்லாடும். சில நாட்களில் கண் பழகிவிடும் என்கிறார்கள், பழகும்தான். எனினும் கோட்டின் நேர்மையை நம்பிப் பிழைப்பு நடத்துகிறவர் ஏன் பழகிக்கொள்ள வேண்டும்? நம் வீடுகளில் எதிர்ச் சுவரின் உச்சியில் டியூப்லைட் பொருத்தும் வழக்கம் வேறு இருக்கிறது. முதுகுக்குப் பின்னாலிருந்து விழும் அந்த ஒளி, குழிந்த பரப்பில் பட்டுப் பக்கவாட்டில் இழுபட்டு, தட்டைத் திரையில் விழுவதைக் காட்டிலும் அகலமான ஒரு மங்கல் பட்டையாகத் தெரியும். திரையை வேறு சுவருக்கு மாற்றிவைத்தால் தீர்ந்தது. வாடகை வீட்டின் ஒரே பிளக் பாயின்ட் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது.

தமிழில் படித்து எழுதுகிறவர்களுக்கு வளைவைவிட முக்கியமானது திரையின் நுணுக்கம். இருபத்துநான்கு அங்குலத்தில் 1920-க்கு 1080 என்னும் பிக்சல் கணக்கு, அங்குலத்துக்கு 92 பிக்சல் தருகிறது. அதே கணக்கை இருபத்தேழு அங்குலத்தில் விரித்தால் 82-ஆகக் குறைந்துவிடும். ரோமன் எழுத்துகள் அதையும் சமாளித்துக்கொள்ளும். நம்முடைய எழுத்துகளில் மெய்யின் புள்ளியும், ணகரத்துக்கும் னகரத்துக்கும் உள்ள சுழிக் கணக்கும், ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் சிறிய அளவில் ஒன்றோடொன்று கலங்கிப்போகின்றன. பிழை திருத்துகிற ஒருவர் 'மன்னன்' என்பதில் எந்த எழுத்துக்குப் புள்ளி இருக்கிறது என்று மூக்கை நீட்டிப் பார்க்க வேண்டியிருக்குமானால், அவருடைய திரை எவ்வளவு அழகாக வளைந்திருந்து என்ன? இருபத்தேழு அங்குலம் வேண்டும் என்பவர் 2560-க்கு 1440 கணக்குள்ளதை வாங்க வேண்டும். அங்குலத்துக்கு 109 பிக்சல் கிடைக்கும், புள்ளி புள்ளியாகத் தெரியும். வளைவுக்கென்று எடுத்துவைத்த பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து இதில் போடுவது உசிதம்.

இவ்வளவும் சொன்னபின், எனக்கே தோன்றும் ஓர் ஆக்ஷேபத்தைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. மனிதன் வாங்குவதெல்லாம் பிரயோஜனத்துக்காகத்தானா? மேஜையின் மேல் ஒரு வடிவம் அழகாக இருக்கிறது, அதன் முன்னே உட்கார மனம் உற்சாகப்படுகிறது என்றால், அந்த உற்சாகத்துக்கு ஓராயிரம் ரூபாய் கொடுப்பது ஊதாரித்தனமா? இல்லை என்றே சொல்வேன். அழகுக்கு விலை கொடுப்பவரிடம் எனக்கு ஒரு சச்சரவும் இல்லை. கண் ஆரோக்கியத்துக்காக என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டு கொடுப்பவரிடம்தான் இருக்கிறது. முன்னவர் தாம் வாங்குவது இன்னதென்று தெரிந்து வாங்குகிறார்.

அப்படியானால் சிறிய வளைந்த மானிட்டர் யாருக்குத்தான் ஏற்றது? விடுதியிலோ ஒற்றை அறையிலோ தனியாக வசிக்கும் இளைஞர். பகலில் அலுவலகம், இரவில் விளக்கணைத்த பிறகு படமும் தொடர்களும். பார்ப்பவர் அவர் ஒருவரே, கருமை கருமையாகத் தெரிய வேண்டும் என்பது அவருடைய ஆசை. அவருக்கு வி.ஏ. பேனல் பொருத்தம், வளைவு அதற்குத் துணை. தள்ளுபடி விலையில் கிடைத்தால் தயக்கமின்றி வாங்கலாம். குழந்தையைப் பக்கத்தில் உட்கார்த்திப் பாடம் நடத்தும் தாயாருக்கும், ஒரே திரையை இருவர் பார்த்துத் தட்டெழுதும் அலுவலகத்துக்கும் தட்டை ஐ.பி.எஸ். போதும். இடம் விஸ்தாரமாக வேண்டும், சுற்றிலும் திரை சூழ்ந்திருக்க வேண்டும் என்பவர், இரண்டு தட்டை மானிட்டர்களை வாங்கி ஒன்றோடொன்று ஒட்டிவைத்து, ஒவ்வொன்றையும் தம் பக்கமாகச் சற்றுத் திருப்பிக்கொள்ளட்டும். வாலர் மூன்று துண்டுப் படங்களை ஒட்டிச் செய்த வித்தையை அவர் இரண்டு துண்டுகளில் செய்துவிடலாம், நடுவில் ஒரு கறுப்புச் சட்டம் தெரியும் என்பதொன்றே குறை.

வாங்குவதற்கு முன் கடையில் பார்க்க வேண்டியவற்றை வீட்டிலிருந்தே ஒரு பென்டிரைவில் எடுத்துப்போவது நல்லது: சிறிய எழுத்தில் அடித்த ஒரு தமிழ்ப் பக்கம், இருட்டில் நடக்கும் ஒரு சினிமாக் காட்சி. நின்றபடி பார்க்காமல், ஒரு நாற்காலி கேட்டு, மேஜைக்கு இரண்டடி தூரத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். தமிழ்ப் பக்கத்தை மேலும் கீழும் ஓட்டிப் புள்ளிகள் நிற்கின்றனவா என்றும், இருண்ட காட்சியில் அசையும் உருவத்தின் பின்னே கறை இழுபடுகிறதா என்றும், தலையைச் சற்றுச் சாய்த்தால் கருமை சாம்பலாகிறதா என்றும் கவனிக்க வேண்டும். ஸ்டாண்டை ஒருமுறை தூக்கிப் பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் நேரமில்லை என்று கடைக்காரர் முகம் சுளித்தால் வருத்தப்பட வேண்டியதில்லை. சென்னை ரிச்சி தெருவில் அடுத்த கடை நாலடி தூரத்தில் இருக்கிறது, அங்கேயும் நாற்காலி உண்டு.